அப்புச்சி வீட்டு அரியணை

எடப்பாடி பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பெரியவங்க உங்ககிட்ட கேட்கிற முதல் கேள்வி, நீ யாரு பையன்ங்கிறதுதான். அப்பா பேரைச் சொன்னா போதும். ஊரு, தோட்டம், பங்காளி எல்லாத்தையும் அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க. அம்மா பேரைச் சொல்லிப் பாருங்க, கொஞ்ச நேரம் முழிப்பாங்க. இதே கேள்வியை, ஏறக்குறைய ஐம்பது வருஷம் சோழ நாட்டை ஆண்ட ஒரு ராஜாகிட்ட கேட்டிருந்தா அவர் பாடு திண்டாட்டம்தான். அவர் பேரு முதலாம் குலோத்துங்கன்.

இவர் சோழனே இல்ல, தெலுங்கு தேசத்துச் சாளுக்கியர்னு சொல்ற கூட்டத்தை நீங்க யூடியூப் கமெண்ட்டுல பார்த்திருப்பீங்க. இல்லவே இல்ல, ராஜேந்திர சோழனோட பேரன்னு எதிர்க்கூட்டம். சொல்லப்போனா ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. அது எப்படின்னு புரிய மூணு கல்யாணத்தைப் பார்க்கணும்.

கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் நடுவுல இருந்த வேங்கி நாட்டைக் கீழைச் சாளுக்கியர்கள் ஆண்டுட்டு இருந்தாங்க. 973-ல் அந்த நாட்டு ராஜா கொல்லப்பட, பிள்ளைங்க சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழ நாட்டுக்கு அடைக்கலம் தேடி வந்தாங்க. 27 வருஷம் அவங்களுக்குச் சொந்த ஊர் இல்ல. கடைசியில ராஜராஜ சோழன் படை அனுப்பி அண்ணன் சக்திவர்மனை அரியணையில் உட்கார வெச்சார். தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையைக் கட்டிக் கொடுத்தார். (ராஜராஜனோட அக்கா குந்தவை வேற, இவங்க வேற. அத்தை பேரை வெச்சிருக்காங்க.) இது முதல் கல்யாணம்.

அந்தத் தம்பதிக்குப் பிறந்தவர்தான் ராஜராஜ நரேந்திரன். பேரைப் பாருங்க, தாத்தா பேரு! தெலுங்குல மகாபாரதத்தை எழுத ஆரம்பிச்ச நன்னயரை ஆதரிச்ச ராஜா இவர்தான். இவர் கட்டினது தாய்மாமன் ராஜேந்திர சோழனோட மகள் அம்மங்கையை. இது ரெண்டாவது. இவங்களோட பையனுக்கும் அம்மாவழித் தாத்தா பேரையே வெச்சு ராஜேந்திரன்னு கூப்பிட்டாங்க. நம்ம கதாநாயகர் இவர்தான். இவரும் வளர்ந்து, தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனோட மகள் மதுராந்தகியைக் கட்டிக்கிட்டார். இது மூணாவது. அப்பா, பையன் ரெண்டு பேருக்கும் மாமன் பொண்ணுதான்.

இதை ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. வம்ச மரம்னு சொல்றோம், ஆனா டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்துல படிச்ச மரம் இது இல்ல, கிராஃப். அப்பாவோட அம்மா வழியா மேல போனா ராஜராஜ சோழன். அம்மாவோட அப்பா வழியா மேல போனாலும் அதே ராஜராஜ சோழன். ஒரே நோடுக்கு ரெண்டு பாதை. நம்ம ஊர்ல தறி ஓட்டுறவங்ககிட்ட சொன்னா, பாவு சாளுக்கியம், ஊடை சோழம்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க.

இவர் சின்ன வயசைப் பத்தி நமக்குச் சொல்றது ஜெயங்கொண்டாரோட கலிங்கத்துப்பரணி. பிறந்த குழந்தையை ராஜேந்திர சோழனோட ராணி, அதாவது அம்மாவைப் பெத்த பாட்டி, கையில வாங்கி, இவன் நம்ம குலத்துக்கே பிள்ளைன்னு உரிமை கொண்டாடினதா அந்தப் பாட்டு சொல்லுது. நடந்ததா, இல்ல ராஜா ஆன பிறகு கவிஞர் சேர்த்ததான்னு வரலாற்று ஆசிரியர்களுக்குள்ள சண்டை உண்டு. எனக்கென்னவோ பாட்டி பேரனைத் தூக்கிக் கொஞ்சினது மட்டும் உண்மையாத்தான் இருக்கும்னு தோணுது. எந்தப் பாட்டி கொஞ்ச மாட்டாங்க?

1061-ல் அப்பா இறந்தார். வேங்கி அரியணை பையனுக்குத்தானே வரணும்? வரல. சித்தப்பா ஏழாம் விஜயாதித்தன் எடுத்துக்கிட்டார். அவர் விமலாதித்தனோட இன்னொரு மனைவிக்குப் பிறந்தவர். அதுல மோசம் என்னன்னா, அப்புறம் சோழ நாட்டை ஆண்ட தாய்மாமன் வீரராஜேந்திரனும் கடைசியில சித்தப்பாவையே வேங்கியில் விட்டுவெச்சார். ஆக அப்பா வீட்டுல இடம் இல்ல. அம்மா வீட்டுல மாமாவுக்கு மகன் இருக்கான். நம்மாளு வடக்கே இன்னிக்கு பஸ்தர்னு சொல்ற சக்கரக்கோட்டம் பக்கம் போய்ச் சண்டை போட்டதையும், வயிராகரத்துல யானைகளைப் பிடிச்சதையும் பிற்காலக் கல்வெட்டுகள் பெருமையா சொல்லுது. அதைப் படிச்சா எனக்குப் பெருமையைவிட, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்ன ஒரு இளைஞன்தான் தெரியறான்.

1070-ல் வீரராஜேந்திரன் இறந்தார். மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தார். அவரோட அக்கா தங்கை முறையில ஒருத்தரைக் கட்டியிருந்த மேலைச் சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் வந்து துணைக்கு நின்னுட்டுப் போனார். அவர் ஊர் திரும்பின கொஞ்ச நாள்லயே கலகத்துல அதிராஜேந்திரன் செத்தார், வேங்கிக்காரன் ராஜிகன் அரியணையைப் பிடிச்சுட்டான்னு பில்ஹணர் எழுதி வெச்சிருக்கார். ராஜிகன்னா நம்ம ராஜேந்திரன். பில்ஹணர் விக்கிரமாதித்தனோட அரசவைக் கவிஞர்ங்கிறதை மறக்காம படிக்கணும். ஜெயங்கொண்டாரோ, நாடு அரசன் இல்லாம தவிச்சப்போ இவர் வந்து காப்பாத்தினார்னு சொல்றார். அவர் இந்தப் பக்கத்துக் கவிஞர்.

அதுக்கு நாலு வருஷம் முன்னாடிதான், 1066-ல், நார்மண்டியோட வில்லியம் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடிச்சார். அவரும் சொன்ன காரணம் கல்யாண உறவுதான். வில்லியமோட தாத்தாவுக்கு அக்கா தங்கை முறையான எம்மா இங்கிலாந்து ராஜாவைக் கட்டினவங்க. ஆனா வில்லியமோட அப்பாவும் அம்மாவும் முறைப்படி கல்யாணம் பண்ணிக்கல. அந்தப் பேச்சு அவரைச் சாகுற வரைக்கும் துரத்துச்சு. நம்மாளுக்குத் தாயைப் பத்தின கேள்வி இல்ல, தந்தை ஊரைப் பத்தின கேள்வி. இன்னொரு பொருத்தம்: வில்லியம் தன் நாட்டு நிலத்தையெல்லாம் கணக்கெடுத்த அதே 1086-ல்தான் இங்கேயும் நிலம் அளக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் யாருன்னே தெரியாது.

பட்டத்துக்கு வந்து சில வருஷத்துல ராஜேந்திரன்ங்கிற பேரை விட்டுட்டுக் குலோத்துங்கன்னு வெச்சுக்கிட்டார். குலத்தை உயர்த்துறவன்னு அர்த்தம். எந்தக் குலம்? சாளுக்கியர் சந்திர வம்சம், சோழர் சூரிய வம்சம். பரணியில ஒரு பகுதி முழுக்க சோழ வம்சத்தை ஆதியிலிருந்து வரிசையா சொல்லி இவர்கிட்ட கொண்டு வந்து முடிக்குது. அவ்வளவு விளக்கம் சொன்னாங்கன்னா, கேட்டவங்க நிறைய இருந்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?

ஆட்சியைப் பத்திப் பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. சுங்கத்தை நீக்கி, சுங்கம் தவிர்த்த சோழன்னு பேர் வாங்கினார், கலிங்கத்து மேல படை அனுப்பினார். அந்தக் கலிங்க ராஜா பேரு அனந்தவர்ம சோடகங்கன். அவர் பேருலயும் சோழம் இருக்கே, ஏன்னு பார்த்தா, அவரோட அம்மாவும் ஒரு சோழ இளவரசி!

வேங்கியை மட்டும் இவர் விடல. சித்தப்பா போன பிறகு தன் பிள்ளைகளை ஒவ்வொருத்தரா அங்கே அனுப்பினார். முதல்ல போன மும்முடிச்சோடன் ஒரே வருஷத்துல திரும்பி வந்துட்டார். அப்பா அம்மா காலடியில இருக்கிற சுகம் ராஜாவா இருக்கிறதுல இல்லையாம். செப்பேட்டுலயே அப்படித்தான் பொறிச்சிருக்காங்க. ஹாஸ்டல்ல முதல் வருஷம் இருந்தவங்களுக்குப் புரியும். 1118 வாக்கில் இன்னொரு மகன் விக்கிரம சோழனை இளவரசுப் பட்டத்துக்குத் தெற்கே கூப்பிட்டுக்கிட்டார். அந்த இடைவெளியில வேங்கி மேலைச் சாளுக்கியர் கைக்குப் போயிடுச்சு. கூட்டிட்டுப் போனது யாருன்னு நினைக்கிறீங்க, 1070-ல் அதிராஜேந்திரனுக்குத் துணை நின்ன அதே விக்கிரமாதித்தன்தான். இவருக்குக் கடைசிக் காலத்துல அப்பாவோட ஊர் இல்ல. அப்புச்சி வீட்டு அரியணை மட்டும் விக்கிரம சோழனுக்கு வந்துச்சு.