‘பொன்னியின் செல்வன்’ கல்கி: யார் இவர், இவர் எழுத்து எப்படி எல்லோருக்கும் சொந்தமானது?

2022 செப்டம்பர் 30. மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வெளியான நாள். வேளச்சேரி மால் தியேட்டரில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்த பலர் அன்றைக்கே மொபைலில் நாவலைத் தேடியிருப்பார்கள். ஐந்து பாகமும் இலவசமாகவே கிடைத்திருக்கும். திருட்டு பிடிஎஃப் இல்லை, முழுக்கச் சட்டப்படியானதுதான். அது எப்படி? கதையை எழுதியவரின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினால்தான் பதில் கிடைக்கும்.

ரா.கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று, மயிலாடுதுறை பக்கத்தில் இருக்கும் புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சி தேசியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921-ல் ஒத்துழையாமை இயக்கம் சூடுபிடித்தபோது பள்ளி இறுதித் தேர்வைக்கூட எழுதாமல் வெளியேறிவிட்டார். அடுத்த வருடமே ஓராண்டு சிறை. அதாவது, ‘கல்கி’ பத்தாவது பாஸ் பண்ணாதவர். இன்றைய ஹெச்.ஆர். ஃபில்டரில் முதல் ரவுண்டிலேயே வெளியே போயிருப்பார்.

வெளியே வந்ததும் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் உதவி ஆசிரியர் வேலை. தமிழில் பத்திரிகை நடத்துவது என்றால் என்ன என்பதை அங்கேதான் கற்றார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு சேர்ந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். 1930-ல் மறுபடியும் சிறை. 1931-ல் எஸ்.எஸ்.வாசனின் ‘ஆனந்த விகடன்’. பத்து வருடம் அங்கே நகைச்சுவை, சங்கீத விமர்சனம், தொடர்கதை எல்லாம் எழுதித் தள்ளினார். ‘தியாக பூமி’ தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே.சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்தார். படத்தின் ஸ்டில்களே தொடருக்குப் படங்களாக வந்தன. 1939-ல் வெளியான அந்தப் படத்தை ஆங்கில அரசு பின்னர் தடை செய்தது.

1941-ல் தனிநபர் சத்தியாகிரகத்தில் கலந்துகொள்ள விகடனை விட்டு விலகினார். மூன்று மாதச் சிறை. திரும்பி வந்தபோது கையில் வேலை இல்லை. நண்பர் டி.சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்க முடிவெடுத்தார். பணம்? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக, ஆண் வேடத்தில் நடித்தார். அந்தச் சம்பளம்தான் முதலீடு. 1941 ஆகஸ்ட் 1 அன்று ‘கல்கி’ முதல் இதழ் வந்தது. அதில்தான் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘அலை ஓசை’ என்று வரிசையாகத் தொடர்கள் வந்தன.

அடுத்து வருவது இவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி. 1930-களில் பாரதி மகாகவியா இல்லையா என்று தமிழ் எழுத்தாளர்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. வ.ரா. ஒரு பக்கம், கல்கி மறு பக்கம். பாரதியைத் தேசிய கவி என்று ஏற்ற கல்கி, உலக மகாகவிகள் வரிசையில் வைக்கத் தயங்கினார். கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் மறுத்துப் புத்தகமே எழுதினார்கள். இலக்கிய வரலாற்றில் கல்கி தோற்ற சண்டை என்றே சொல்லலாம். ஆனால் அதே ஆள்தான் சில வருடம் கழித்து, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்ட ‘கல்கி’ இதழ் வழியாக வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். சுதந்திரம் கிடைத்த இரண்டே மாதத்தில், 1947 அக்டோபரில், மண்டபம் திறக்கப்பட்டது.

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 இதழில் தொடங்கி 1954 வரை, மூன்றரை வருடம் ஓடியது. ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு கல்கி இலங்கைக்கெல்லாம் போய் வந்தார். குந்தவையின் கொண்டையும் வந்தியத்தேவனின் குதிரையும் மணியம் வரைந்த மாதிரிதான் பல தலைமுறைகளின் மனதில் பதிந்திருக்கின்றன. தொடர் முடிந்த அதே வருடம் டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். வயது 55. பாதியில் நின்ற ‘அமரதாரா’வை மகள் ஆனந்தி முடித்துக் கொடுத்தார். ‘அலை ஓசை’க்கான சாகித்ய அகாடமி விருது 1956-ல், அவர் இல்லாதபோது வந்தது.

சரி, இலவசம் எப்படி?

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். கல்கி விஷயத்தில் அது 2014 இறுதியில்தான் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவரது நூற்றாண்டை ஒட்டி, 1990-களின் கடைசியிலேயே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. நாட்டுடைமை என்றால், குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுத்து உரிமையை வாங்கி, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று திறந்துவிடுவது. இந்த வழிக்கு முன்னோடி யார் தெரியுமா? அதே பாரதிதான். 1949-ல் ஓமந்தூரார் அரசு பாரதி பாடல்களின் உரிமையை வாங்கியது.

இதில் லாபமும் இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகமும் சேர்த்து மலிவு விலையில் கிடைக்கிறது. கிண்டில், ஆடியோ, யூடியூப் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றால், பிழை திருத்துவது யார் பொறுப்பு? மணியம் ஓவியங்கள் இல்லாத பதிப்புகள், சுருக்கப்பட்ட பதிப்புகள் ஏராளம். வாங்குவதற்கு முன் முழுமையான பதிப்பா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாவலை வரலாறு என்றே நம்புகிறவர்கள் அதிகம். ஆதித்த கரிகாலன் கொலை உண்மை. குற்றவாளிகளின் பெயர் காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது, ரவிதாசன் உட்பட. வல்லவரையர் வந்தியத்தேவரும் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறார். ஆனால் நந்தினி? முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. பூங்குழலியும் அப்படித்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நாவலின் ருசி கூடுமே தவிர, குறையாது.

‘கல்கி’ இதழின் அச்சுப் பதிப்பு 2020 ஊரடங்கு சமயத்தில் நின்றுபோய், இணையத்துக்கு மாறிவிட்டது. கல்கி வாழ்ந்த அடையாறு காந்தி நகர் வேளச்சேரியிலிருந்து ட்ராஃபிக் இல்லாவிட்டால் இருபது நிமிடம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம் என்பவர்களுக்கு வேளச்சேரியிலேயே தண்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கேயும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. நாவலை முடித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்க்கலாம்.