பச்சை நிறம் சொன்ன ரகசியம்

நாமக்கல் முட்டை உடம்புக்கு உரம் தரும். பாலும் பருப்பும் அப்படித்தான். ஆனால், இவையே சில குழந்தைகளின் மூளையைக் கெடுத்துவிடும்! இந்த உண்மைக்கு வழி திறந்தவர் டாக்டர் போலிங்.

நார்வே நாட்டில் 1888-ம் ஆண்டு, ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். முதலில் ரசாயனம் படித்தார். பிறகு மருத்துவம் படித்தார்.

தாயின் கவலை

1934-ம் ஆண்டு ஒரு தாய் அவரிடம் வந்தாள். அவளுக்கு ஒரு மகள், ஒரு மகன். பிறந்தபோது இருவரும் நன்றாகவே இருந்தார்கள். ஆனால், வயது ஏறியும் அறிவு வளரவில்லை. சிறுநீரில் ஒருவித நாற்றம் வீசியது. பல டாக்டர்களிடம் கேட்டும் அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

போலிங் அவள் பேச்சை அலட்சியம் செய்யவில்லை. சிறுநீரில் ஒரு ரசாயன மருந்தை விட்டார். என்ன ஆச்சரியம்! அது பச்சை நிறமாக மாறியது. காரணமான பொருளைப் பாடுபட்டுப் பிரித்து எடுத்தார். பிறகு, மனவளர்ச்சி குன்றிய 430 பேரைச் சோதித்தார். மேலும் 8 பேரிடம் அதே பச்சை!

புரத உணவில் பினைல்அலனின் என்ற சத்து இருக்கிறது. அதைப் பக்குவப்படுத்தும் சக்தி இவர்களுக்குப் பிறவியிலேயே இல்லை. அது ரத்தத்தில் தேங்கி, மூளையைத் தாக்குகிறது. தாய், தந்தை இருவர் வழியாகவும் இந்தக் குறை வருகிறது. சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

காரணம் தெரிந்தது. ஆனால், அந்தத் தாயின் குழந்தைகளைக் குணப்படுத்த முடியவில்லை.

உணவே மருந்து

1951-ம் ஆண்டு, இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் டாக்டர் பிக்கெலும் அவரது தோழர்களும் இதே நோயுள்ள ஒரு பெண் குழந்தைக்கு அந்தச் சத்து நீக்கிய உணவைக் கொடுத்தார்கள். ஓயாமல் அழுத குழந்தை தவழ்ந்தது; எழுந்து நின்றது!

1960-களில் அமெரிக்க டாக்டர் கத்ரி, குதிகாலில் எடுக்கும் ரத்தத் துளியிலேயே நோயைக் காணும் முறையைக் கொண்டுவந்தார். பிறந்த சில நாளில் கண்டு, தனிப் பால் மாவும் அளவான தாய்ப்பாலும் கொடுத்தால், குழந்தை மற்றவர்களைப் போல வளரும்.

இதையெல்லாம் போலிங் கண்ணால் கண்டார். 1962-ல் ஜனாதிபதி கென்னடி அவருக்குப் பரிசு வழங்கினார். 1973-ல், 84-வது வயதில் போலிங் காலமானார்.

இந்த நோயுள்ள பிள்ளைக்கு நாமக்கல் முட்டை ஆகாது. சேலம் ஜவ்வரிசி ஆகும்! மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்யும் ஜவ்வரிசியில் புரதம் மிகக் குறைவு. ஆனால், ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் போதாது. தனிப் பால் மாவும், டாக்டர் சொல்லும் அளவும், அடிக்கடி ரத்தச் சோதனையும் கட்டாயம் வேண்டும்.

பிள்ளையிடம் ஏதோ குறை என்று தாய் சொன்னால் காது கொடுக்க வேண்டும். அன்று ஒருவர் காது கொடுத்தார். அதனால் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது.