கத்தரிக்கும் கரும்புக்கும் ஜாதகம் கணித்த அம்மையார்

பழவேற்காடு ஏரிக்கரை. நண்பகல் நேரம்.

மீனவர் குப்பங்களில் அடுப்பு எரிகிறது. ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அதில் கத்தரிக்காய் துண்டு துண்டாக வேகிறது. பக்கத்து வீட்டில் இறால் தொக்கு. இறக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுகிறார்கள். விருந்தாளி வந்த வீட்டில் பிரியாணிக்குப் புதினா ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இறால் ஏரி கொடுத்தது. கருவாடு கரையில் காய்ந்தது. ஆனால் கத்தரிக்காயும் கொத்தமல்லியும் புதினாவும் ஏரி கொடுத்தவை அல்ல. கரையோர மண்ணில் உப்பு அதிகம். அந்த மண்ணில் தோட்டப் பயிர் சரியாக வராது. அவை உள்ளூரத் தள்ளி இருக்கும் தோட்டங்களில் விளைந்து, சந்தை வழியாகப் படகுத்துறைக்கு வந்து சேருகின்றன.

அந்தக் கத்தரிக்காய் ஏன் கசக்கவில்லை? அந்தப் புதினாவுக்கு ஏன் இத்தனை மணம்? கடவுள் படைத்தபடியே அவை வந்துவிடவில்லை. யாரோ பல செடிகளை நட்டுப் பார்த்தார்கள். நல்லதைப் பொறுக்கினார்கள். ஒன்றோடு ஒன்றைக் கலந்தார்கள். பிறகுதான் அது தோட்டக்காரர் கைக்கு வந்தது.

அந்த வேலையையே தம் வாழ்க்கையாகக் கொண்ட ஒரு பெண்மணியின் கதை இது. அவர் பெயர் ஜானகி அம்மாள்.

நீதிபதியின் மகள்

1897-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி தலைச்சேரியில் பிறந்தார் ஜானகி. இன்று அந்த ஊர் கேரளத்தில் இருக்கிறது. அன்று அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் இருந்தது.

தந்தை திவான் பகதூர் இ. கே. கிருஷ்ணன். சப் ஜட்ஜாக இருந்தவர். கோர்ட்டு வேலை முடிந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். பறவைகளைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். செடிகளை வளர்ப்பார். வீட்டில் குழந்தைகள் பலர். தந்தையின் தோட்டப் பைத்தியம் ஜானகியைப் பிடித்துக்கொண்டது.

தாயார் தேவி அம்மாள். திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த வெள்ளைக்கார அதிகாரிக்கும் ஒரு மலையாளப் பெண்ணுக்கும் பிறந்தவர். குடும்பம் தீயர் வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பாரைத் தாழ்வாக எண்ணியவர்கள் அக்காலத்தில் ஏராளம். படிப்பும் பதவியும் இருந்தும் அந்தப் பார்வை மாறவில்லை. இதை ஜானகி இளமையிலேயே கண்டார்.

தலைச்சேரியில் பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு சென்னைக்கு வந்தார். ராணி மேரி கல்லூரியில் படித்தார். 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவர நூலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

கல்யாணமா, கப்பலா?

வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தது. மாப்பிள்ளை சொந்தத்திலேயே இருந்தார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மிச்சிகன் பல்கலைக் கழகம் கீழை நாட்டுப் பெண்களுக்கு 'பார்பர்' உதவிச் சம்பளம் கொடுத்துவந்தது. அது ஜானகிக்குக் கிடைத்தது.

அவர் கப்பலைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

நியூயார்க் துறைமுகத்தில் அவரை நிறுத்தி வைத்தார்கள். நீண்ட கருங்கூந்தல். இந்தியப் பட்டு. யாரோ ஒரு ராஜகுமாரி என்று அதிகாரிகள் நினைத்துவிட்டார்களாம். ஜானகியும் மறுக்கவில்லையாம். இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

மிச்சிகனில் முதலில் எம்.எஸ்ஸி. பட்டம். ஊர் திரும்பிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மறுபடியும் போனார். 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவர நூலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அந்த நாளில் அவர் கையில் எடுத்த செடிகளில் ஒன்று, நம் குழம்புக் கத்தரி. கத்தரி இனங்களைக் கலந்து ஒரு புது ரகம் உண்டாக்கினார். 'ஜானகி கத்தரி' என்றே அதற்குப் பெயர் வந்தது.

செடிக்கும் ஜாதகம் உண்டு

அவர் செய்த வேலை என்ன? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உயிருள்ள எதுவும் சின்னஞ்சிறு அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்குள்ளும் நூல் துண்டு போன்ற சில பொருள்கள் இருக்கின்றன. பூதக்கண்ணாடிக்கும் மேலான மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். இலையின் மணம், காயின் நிறம், தண்டின் பலம் எல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. அதுதான் செடியின் ஜாதகம்.

ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. மனிதனுக்கு 46. கத்தரிக்கு 24. கொத்தமல்லிக்கு 22. வெங்காயத்துக்கு 16.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் செடிகளுக்கும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை பொருந்தாத இரண்டைக் கலந்தால் பெரும்பாலும் குழந்தை பிறக்காது. பிறந்தாலும் கோவேறு கழுதை மாதிரி, அதோடு வமிசம் நின்றுபோகும். எதை எதோடு சேர்க்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால் வருஷக்கணக்கான உழைப்பு மிச்சம். அந்தப் பொருத்தத்தைக் கணித்தவர்தான் ஜானகி அம்மாள்.

நாணல் தந்த பலம்

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் பேராசிரியையாக இருந்தார். பிறகு கோயமுத்தூர் வந்தார். அங்கே கரும்பு இனவிருத்தி நிலையம் இருக்கிறது. அது 1912-ல் தொடங்கியது.

அன்றைக்கு நம் நாட்டில் என்ன நிலைமை? தடித்த கரும்பில் சர்க்கரை அதிகம். ஆனால் வடநாட்டுக் குளிருக்கும் நோய்க்கும் அது தாங்காது. ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணலோ எதற்கும் அசையாது. ஆனால் அதில் இனிப்பு இல்லை.

இந்த இரண்டையும் கலந்தார்கள். 1918-ல் 'கோ 205' என்ற ரகம் வந்தது. 'கோ' என்பது கோயமுத்தூரைக் குறிக்கும். யாரும் மதிக்காத நாணலின் ரத்தம்தான் கரும்புக்குப் பலம் கொடுத்தது.

1934-ல் ஜானகி அம்மாள் அங்கே போய்ச் சேர்ந்தார். நாணலில் எத்தனை வகை, எந்தப் பக்கத்து நாணலுக்கு என்ன ஜாதகம் என்று ஆராய்ந்தார். கரும்பைச் சோளத்தோடு கலந்தார். மக்காச்சோளத்தோடு கலந்தார். வேறு புல்வகைகளோடும் கலந்து கன்றுகளை உண்டாக்கினார்.

வேலை சிறந்தது. ஆனால் வாழ்க்கை எளிதாக இல்லை. தனியாக வாழும் பெண். அதிலும் தாழ்வாக எண்ணப்பட்ட வகுப்பு. உடன் வேலை செய்தவர்களிடம் அவருக்குக் கிடைத்த மரியாதை குறைவு. நாணலின் உயர்வை அறிந்த இடத்திலேயே மனிதரைப் பிறப்பை வைத்து அளந்தார்கள்.

குண்டு மழையில் ஆராய்ச்சி

1939-ல் எடின்பரோ நகரில் ஒரு விஞ்ஞான மாநாடு. ஜானகி அம்மாள் போனார். உலக யுத்தம் மூண்டது. அங்கேயே தங்கிவிட்டார்.

1940-ல் லண்டன் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை கிடைத்தது. இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசும். கட்டிலுக்கு அடியில் பதுங்குவார். விடிந்ததும் ஆராய்ச்சி சாலைக்குப் போய், உடைந்த கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.

யுத்தம் முடிந்த 1945-ல் ஒரு பெரிய புத்தகம் வெளிவந்தது. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியும் ஜானகி அம்மாளும் சேர்ந்து எழுதியது. உலகில் மனிதன் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் கணக்கு அதில் இருக்கிறது. நெல்லும் கரும்பும் மட்டுமல்ல. சமையலுக்குப் பயன்படும் செடி, மருந்துச் செடி, பூச்செடி எல்லாம் உண்டு. செடிகளைக் கலந்து புது ரகம் தேடுவோருக்கு அது பஞ்சாங்கம் போல ஆயிற்று.

பிறகு விஸ்லி என்ற ஊரில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் பணி. 'கோல்ச்சிசின்' என்ற நஞ்சைக் கொண்டு செடியின் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் வித்தையை அங்கே செய்தார். இலையும் பூவும் பெரிதாகும். அதே நஞ்சு நம் செங்காந்தளிலும் இருக்கிறது. அவர் வளர்த்த மக்னோலியா மரங்களில் ஒரு ரகம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நேரு அழைத்தார்

1951-ல் பிரதமர் நேரு அவரைத் தாய்நாட்டுக்கு அழைத்தார். நாட்டின் தாவரங்களைக் கணக்கெடுக்கும் இலாகாவைச் சீர்திருத்த வேண்டும் என்றார். அம்மையார் வந்தார். அலகாபாத்தில் மத்திய தாவர ஆராய்ச்சி சாலையின் டைரக்டராகவும் இருந்தார்.

1955-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் ஒரு மாநாடு. பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றிவிட்டான் என்பது பொருள். அழைக்கப்பட்டவர்களில் அவர் ஒருவரே பெண். இந்தியாவின் ஏழைக் குடியானவரும் மலைவாசிகளும் எதைத் தின்று வாழ்கிறார்கள், அவர்களுக்குக் காடு என்ன கொடுக்கிறது என்பதைப் பற்றி அங்கே எடுத்துரைத்தார்.

புதினாவின் பிறப்பு

பிறகு ஜம்முவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அங்கே மணமுள்ள செடிகள் அவர் கைக்கு வந்தன.

முக்கியமானது புதினா. புதினாவில் பல இனங்கள். அவை தாமாகவே ஒன்றோடு ஒன்று கலந்துகொள்ளும். கலப்பில் பிறந்த பலவற்றுக்கு முளைக்கும் விதை இராது. பெப்பர்மிண்ட் அப்படிப்பட்டதுதான். இரண்டு புதினாக்களுக்குப் பிறந்த மலடு அது.

விதை இல்லாவிட்டால் என்ன? நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? இலையை ஆய்ந்துகொண்டு தண்டை மண்ணில் ஊன்றுகிறார்கள். தண்டு துளிர்க்கிறது. தாய்ச்செடியின் மணம் மாறாமல் வருகிறது. ஏக்கர் கணக்கில் பயிரிடும் தோட்டக்காரரும் அதையேதான் செய்கிறார். ஆகவே புதினாவில் முதல் செடியைப் பொறுக்குவதுதான் பெரிய காரியம். அதைத் தவறாகப் பொறுக்கினால் தோட்டம் முழுவதும் தவறாகும்.

ஜம்மு புதினா எங்கிருந்து வந்தது, அதன் பெற்றோர் யார் என்று அம்மையார் தம் சக விஞ்ஞானியோடு ஆராய்ந்து 1962-ல் கட்டுரை எழுதினார். எலுமிச்சம்புல்லையும் அதன் உறவுகளையும் ஆராய்ந்தார். குரோமோசோம் பெருகினால் வாசனை எண்ணெய் கூடுமா என்று கணக்கிட்டார்.

இப்படிப் பலர் போட்ட பாதையில் இந்தியா வெகுதூரம் வந்துவிட்டது. மென்தால் எடுக்கும் புதினாவில் இன்று உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு. தலைவலித் தைலத்தில் இருப்பது அதுதான்.

கொத்தமல்லியிலும் இதே கதை. கீரைக்குப் பயிரிடுபவருக்குத் தாமதமாகப் பூக்கும் செடி வேண்டும். பூத்துவிட்டால் இலை குறையும். தனியாவுக்குப் பயிரிடுபவருக்கோ நிறையக் காய்க்கும் செடி வேண்டும். ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு ஆகாது. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக் கழகம் கொத்தமல்லியிலும் 'கோ' ரகங்களைப் பொறுக்கி வெளியிட்டிருக்கிறது.

மதுரவாயல் பாட்டி

1970-ல் அம்மையார் சென்னைக்கே திரும்பினார். வயது 73. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயது. அவர் ஓய்வெடுக்கவில்லை. சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு மதுரவாயலில் ஓர் ஆராய்ச்சி சாலை இருந்தது. அங்கேயே குடியிருந்தார். மருந்துச் செடிகளை வளர்த்தார். மைக்ராஸ்கோப்பை விடவில்லை. எளிய உடை. எளிய உணவு. 1977-ல் அரசாங்கம் 'பத்மஸ்ரீ' விருது அளித்தது.

கடைசியாக ஒரு போராட்டம் காத்திருந்தது.

கேரளத்தில் பாலக்காட்டுக்கு அருகே அமைதிப் பள்ளத்தாக்கு என்ற காடு. குந்திப்புழை ஆற்றை மறித்து அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். காடு நீரில் மூழ்கிவிடும்.

மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் மிளகுக்கும் ஏலத்துக்கும் இஞ்சிக்கும் காட்டு உறவினர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில்தான் இருக்கிறார்கள். நாளை தோட்டத்து மிளகுக்கு ஒரு புதுநோய் வந்தால் பலம் வாங்க எங்கே போவது? கரும்புக்கு நாணல் கிடைத்ததே, அதுபோல் மிளகுக்குக் காட்டு மிளகு வேண்டாமா? காட்டை மூழ்கடித்துவிட்டால் மைக்ராஸ்கோப் இருந்தும் பயன் என்ன?

எண்பதைத் தாண்டிய கிழவியார் எதிர்ப்பாளர்களோடு சேர்ந்தார். அந்தக் காட்டுச் செடிகளின் ஜாதகத்தை எழுதி வைக்கும் வேலையில் இறங்கினார்.

1984-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி மதுரவாயலில் அவர் உயிர் பிரிந்தது. வயது 86. அதே ஆண்டு நவம்பர் 15-ந் தேதி அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று. அணை கட்டவில்லை. காடு நிற்கிறது. அதைப் பார்க்க அவர் இல்லை.

உமரியைப் பாருங்கள்

மறுபடியும் பழவேற்காட்டுக்கு வருவோம்.

ஏரிக்கரையில் வீட்டுத் தோட்டம் வைக்க உப்பு விடாது. ஆனால் அதே உப்பு மண்ணில் ஒரு பூண்டு செழித்து நிற்கிறது. உமரி. யாரும் விதைத்ததில்லை. யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. பஞ்ச காலத்தில் ஏழைகளின் வயிற்றை நிரப்பிய கீரை அது. மற்ற நாளில் காலில் மிதிபடுகிறது.

கடல் மட்டம் உயர்கிறது. உப்பு நீர் உள்ளே வருகிறது. உப்பைத் தாங்கும் பயிர் எது என்று விஞ்ஞானிகள் இன்று தேடுகிறார்கள். எங்கே தேடுகிறார்கள்? உமரி போன்ற உப்புப் பூண்டுகளிலும் அலையாத்தி மரங்களிலும்தான்.

மீனவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குஞ்சு மீனை வழித்து அள்ளிவிட்டால் அடுத்த வருஷம் வலை காலியாக வரும் என்பது அவருக்குத் தெரியும். செடியிலும் அப்படித்தான். காட்டில் ஒன்றுக்கும் உதவாமல் நிற்கிறதே, அதுதான் நாளைய பயிருக்குத் தாய். தலைச்சேரியில் பிறந்து மதுரவாயலில் மறைந்த அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் இதைத்தான் மெய்ப்பித்துக் காட்டினார்.

அடுத்த முறை கருவாட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கும்போது ஒரு நிமிஷம் ஜானகி அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும் உமரியை வேரோடு பிடுங்காமல் விட்டுவையுங்கள்.