கணவரைப் பறித்த காய்ச்சல்... 95 வயது வரை மலைக்கிராமங்களைச் சுற்றிய லண்டன் பெண்! யார் இந்த ஈவ்லின் பிராண்ட்?

மறைமலைநகரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டு. அதை ஒட்டிய திருமணியில் உள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-ல் வந்தார் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை மீட்கும் அறுவை சிகிச்சைக்கு அந்தப் பயணம்தான் வழி திறந்தது. அவர் சிறுவயதில் வளர்ந்தது கொல்லிமலையில். அவரை அங்கே வளர்த்த அம்மாதான் ஈவ்லின் பிராண்ட்.

லண்டன் டூ கொல்லிமலை

1879-ல் லண்டனில் வசதியான வணிகர் குடும்பத்தில் பிறந்தவர் ஈவ்லின். ஓவியம் படித்தவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு மிஷனரியாகச் சென்னைக்கு வந்தார். அங்கே ஜெஸ்ஸி பிராண்டைச் சந்தித்தார். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் படித்தவர்.

1913-ல் மலையடிவாரமான சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம். அன்றே கொட்டும் மழையில் மலையேறினார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளோடு இருக்கும் சாலை அப்போது கிடையாது. மலேரியாவுக்குப் பயந்து வெளியாட்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். தங்கும் வீட்டையும் ஜெஸ்ஸிதான் கட்டினார்.

என்ன செய்தார்கள்?

வந்த நோக்கம் மதப்பிரசாரம். ஆனால் மலையாளி பழங்குடி மக்கள் பல வருடங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மருந்துக்கு மட்டும் வந்தார்கள்.

அப்போது அங்கே பெரிய தொல்லை நரம்புச்சிலந்தி. படிக்கிணற்றில் கால் நனைத்துத் தண்ணீர் எடுப்பதால் பரவும் புழு இது. காலில் தலைகாட்டும் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில் மெதுவாக இழுத்து எடுப்பார் ஜெஸ்ஸி. யாரும் தண்ணீரில் கால் வைக்காதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பவும் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவில் இந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000-ல்தான்.

பள்ளிக்கூடம், தச்சு வேலை, ஓடு தயாரிப்பு, பட்டுப்புழு வளர்ப்பு எனப் பணிகள் விரிந்தன. 1918-19 இன்ஃப்ளூயன்ஸா மலையையும் தாக்கியபோது, கஞ்சியோடு வீடு வீடாகப் போனார்கள். அதுவரை இவர்களை எதிர்த்த உள்ளூர் பூசாரி, சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத் எனப் பெயரிட்டு வளர்த்தார்கள்.

குடும்பம் கொடுத்த விலை

1914-ல் பால் பிறந்தார். அடுத்து மகள் கோனி. பிள்ளைகளுக்கு அம்மாதான் டீச்சர். மரத்தில் ஏறி உட்கார்ந்தேதான் பாடம் எழுதுவான் பையன். எழுதிய தாளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான்.

1923-ல் படிப்புக்காக இருவரையும் லண்டனில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் மலைக்குத் திரும்பினர். பால் வயது 9. அதன்பின் பிள்ளைகள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூனில், மலேரியா முற்றி சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்தி வந்த பிறகும், அவர் முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தன.

ஓய்வு பெற்றபின் ஆரம்பித்த வேலை

கணவருக்குப் பிறகு ஈவ்லினைச் சமவெளியில் வேலை பார்க்கச் சொன்னது மிஷன். 70 வயதை நெருங்கும்போது, போதும், ஓய்வெடுங்கள் என்றது. அவர் கேட்கவில்லை. மிஷனிலிருந்து விலகி, தனியாக மலைக்கே போய்விட்டார்.

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். இடுப்பு எலும்பு முறிந்தது. பிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. ஊர் மக்களுக்கு அவர் பிராண்ட் பாட்டி.

திருமணியில் மகன் கண்டது

இதே காலத்தில் பால் வேலூர் சி.எம்.சி-யில் அறுவை சிகிச்சை நிபுணர். திருமணியில் டாக்டர் ராபர்ட் காக்ரேனோடு நோயாளிகளைப் பார்த்தபோது, விரல் மடங்கிய ஒருவரோடு கைகுலுக்கினார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. அந்தக் கையில் செயலிழக்காத தசைகளும் இருக்கின்றன எனப் புரிந்தது. அவற்றின் தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரல்களை அசைய வைக்கும் சிகிச்சையை வேலூரில் உருவாக்கினார். வலி உணர்வு போவதால்தான் கை, கால்கள் காயப்பட்டு அழிகின்றன என்பதையும் எடுத்துக்காட்டினார். சிறுவயதில், வீடு தேடி வந்த தொழுநோயாளிகளுக்கு அப்பா கட்டுப்போட்டதைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

1974 டிசம்பரில், 95 வயதில் ஈவ்லின் காலமானார். கணவர் இறந்து 45 வருடங்கள் கழித்து, கொல்லிமலையில் அவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.