இரண்டு படுக்கையில் தொடங்கிய ஆஸ்பத்திரி

மதுரையில் பஸ் தொழிலில் பேரும் பொருளும் சேர்த்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். அவருடைய மகள் சவுந்தரம், 1904-ம் ஆண்டு பிறந்தார். நோய் என்றால் டாக்டரை வீட்டுக்கே வரவழைக்கக்கூடிய குடும்பம் அது.

சிறு வயதிலேயே கல்யாணம் ஆயிற்று. கணவர் டாக்டர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த அவரை, அந்த நோயே கொண்டுபோய்விட்டது.

அக்காலத்தில் இளம் விதவைக்கு வீட்டு மூலைதான் கதி! சவுந்தரம் மூலையில் உட்காரவில்லை. டெல்லிக்குப் போனார். லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். காந்தியின் தொண்டரான ஜி.ராமச்சந்திரனை 1940-ல் மறுமணம் செய்துகொண்டார்.

மதுரையில் ஆஸ்பத்திரி வைத்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவர் போன இடம் வேறு.

நெசவாளர் ஊர்

காவலில் இருந்த கஸ்தூர்பா 1944-ல் இறந்தார். அவர் நினைவாக, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ நாடெங்கும் நிதி திரட்டினார்கள். 75 லட்சம் ரூபாய் கேட்டார்கள். அதற்கு மேலேயே சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையை நடத்தும் பொறுப்பு சவுந்தரத்திடம் வந்தது.

திண்டுக்கல் பக்கத்தில் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். அங்கே 1947-ல் 2 படுக்கையோடு ஒரு சிறு ஆஸ்பத்திரி தொடங்கினார். காந்திகிராமமும் அதே ஆண்டு பிறந்தது.

காசு யார் கொடுப்பது?

நெசவாளி படுத்தால் தறி நிற்கும். கூலியும் நிற்கும். அதோடு மருந்துச் செலவு! வயதானவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

1948-ல் தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ் சட்டம் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்டவேண்டும். நோய் வந்தால் வைத்தியம் இலவசம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஆலைத் தொழிலாளிக்கு. வீட்டுத் தறிக்காரருக்கும் வயல் கூலிக்காரருக்கும் பங்கு கட்ட எந்த முதலாளி இருந்தார்?

அமெரிக்காவில் 65 வயது ஆனவர்களுக்கு அரசு இன்சூரன்ஸ் 1965-ல் சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் ஏழைகளின் பெரிய ஆபரேஷன்களுக்கு அரசு இன்சூரன்ஸ் வந்தது 2009-ல். 70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம் என்று மத்திய அரசு அறிவித்தது 2024-ல்தான்.

வயிற்றில் பிள்ளையோடு வந்தவள் அத்தனை காலம் காத்திருப்பாளா? நன்கொடை, மானியம் என்று கிடைத்ததைக் கொண்டு ஆஸ்பத்திரியை நடத்தினார், அம்மையார்.

நோயாளி வரட்டும் என்றும் இருந்துவிடவில்லை. 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில், சுமார் 1 லட்சம் மக்களுக்காக, ஊர் ஊராகச் சென்று சுகாதாரப் பணி செய்யும் திட்டம் தொடங்கியது.

இதற்கிடையே தேர்தலிலும் நின்றார். 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர், இரண்டிலும் எம்.எல்.ஏ. 1962-ல் திண்டுக்கல் எம்.பி. மத்தியில் கல்வித் துணை மந்திரியாகவும் இருந்தார். பத்மபூஷண் விருதும் 1962-ல் வந்தது.

1984-ல் டாக்டர் சவுந்தரம் காலமானார். அவர் தொடங்கிய கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில் இன்று படுக்கைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.