கிரகணக் கணக்கர் ரகுநாதாச்சாரி

குழந்தைகளே, கிரகணம் என்றதும் எதை வரைவீர்கள்? வகுப்பில் நான் கேட்டபோதெல்லாம் பாதிப் பேர் பாம்பு வரைவார்கள், மீதிப் பேர் பிறை வரைவார்கள். 2019 டிசம்பர் 26 காலை நம் கள்ளக்குறிச்சியில் சூரியன் பிறையாகத்தான் தெரிந்தது. (மாவட்டம் பிறந்து சரியாக ஒரு மாதம்!) அதே காலையில் திண்டுக்கல்லில் இருந்தவர்கள் மோதிரம் போலப் பார்த்தார்கள். கிரகணம் ஒன்று, வடிவம் ஊருக்கு ஒன்று. அது எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெரியும் என்று கணக்கிட்டுச் சொன்ன ஒரு பெரியவரின் கதை இது.

அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாய்வு நிலையம் இருந்தது. அங்கே இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்து, சுமார் 40 ஆண்டுகள் இருந்தார். இரவெல்லாம் தொலைநோக்கியில் விண்மீன்களைப் பார்ப்பது, பகலில் கணக்குப் போடுவது, இதுதான் வேலை. படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளர் ஆனார்.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க இன்றைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்திக்குச் சென்ற குழுவை அவர்தான் நடத்திச் சென்றார். உலகமே ஆவலோடு காத்திருந்த கிரகணம் அது. ஹீலியம் என்ற தனிமத்தின் முதல் தடயம் அன்றுதான் கிடைத்தது.

ஆனால் ஊரிலோ வேறொரு சிக்கல். மனப்பாடம் செய்ய வசதியாக வாக்கியங்களில் அமைத்த பழைய கணக்கை வைத்தே பஞ்சாங்கம் எழுதினார்கள். பல நூற்றாண்டுகள் ஆனதால் அந்தக் கணக்குக்கும் வானத்துக்கும் இடைவெளி விழுந்திருந்தது. குடும்பத் தொழிலே அதுவாக இருந்தும், கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் கணக்கே சரி என்று ரகுநாதாச்சாரி துணிந்தார். திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். அதற்குத் துணிச்சல் வேண்டும், இல்லையா? எதிர்ப்பும் வந்தது. இன்றும் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் உள்ளது எது என்று தாத்தாவிடம் கேளுங்கள்.

1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

1874 டிசம்பர் 9 அன்று சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் போகவிருந்தது. எளிய மக்களும் புரிந்துகொள்ள, முன்பே ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு சித்தாந்தியும் மற்றவர்களும் பேசிக்கொள்வது போன்ற நடை, இடையிடையே விளக்கப் படங்கள். ஆங்கிலத்தோடு கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் வந்தது. இப்படிப்பட்ட படத்தில் அளவு தவறினால் பொருளே தவறிவிடும். சூரியனை 30 செ.மீ. வட்டமாக வரைந்தால், அதன்மேல் போகும் வெள்ளி 1 செ.மீ.தான்!

நீங்களும் வரைந்து பாருங்கள். சூரிய கிரகணத்துக்கு ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்கள் போதும். மோதிரக் கிரகணம் என்றால் நிலாவுக்குச் சற்றுச் சிறிய நாணயம். சந்திர கிரகணத்துக்கு அது சரிப்படாது. நிலாவை மறைப்பது பூமியின் நிழல். அந்த இடத்தில் நிழலின் அகலம் நிலாவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரு ரூபாய் நாணயம் நிலா என்றால், நிழலுக்கு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். மூன்றாம் பிறையைப் போல வளைந்த கொம்பு வராது. மறைப்பின் ஓரம் அகன்ற வளைவாக இருக்கும்.

இந்தியர்களே நடத்தும் வானாய்வு நிலையம் ஒன்று வேண்டும் என்பது ரகுநாதாச்சாரியின் ஆசை. அது நிறைவேறும் முன்பே, 1880 பிப்ரவரி 5 அன்று காலமானார்.

1867-ல் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒரு முறை அது பிரகாசித்து மங்கும். மார்கழி இரவில் கல்வராயன் மலை வெள்ளிமலையில் நின்றால், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே அது இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கி வேண்டும்.