ஹைரம் பெர்டான்

ஹைரம் பெர்டான் (செப்டம்பர் 6, 1824 – மார்ச் 31, 1893) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பொறியாளரும், குறிபார்த்துச் சுடுவதில் பெயர் பெற்றவரும், படை அதிகாரியும் ஆவார். இவர் உருவாக்கிய தோட்டா வெடிமூட்டி முறையும், ரஷ்யப் பேரரசு பயன்படுத்திய ரைபிள் துப்பாக்கியும் இவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

வாழ்க்கைச் சுருக்கம்

பெர்டான் நியூயார்க் மாநிலத்தின் பெல்ப்ஸ் என்ற ஊரில் பிறந்தார். இயந்திரப் பொறியாளராகப் பணியாற்றிய இவர், தங்கக் கனிமத்தை நொறுக்கும் இயந்திரம் ஒன்றையும் வடிவமைத்தார்.

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், குறிபார்த்துச் சுடுவோரைக் கொண்ட இரு படைப்பிரிவுகளைத் திரட்டினார். இதில் சேர விரும்பியோர் 200 கெஜத் தொலைவிலிருந்து பத்துத் தோட்டாக்களையும் 10 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் சுட வேண்டும். வீரர்கள் பச்சை நிறச் சீருடை அணிந்தனர். படைக்கலத் துறைத் தலைவர் எதிர்த்த போதிலும், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் தலையிட்டதால் இவர்களுக்கு ஷார்ப்ஸ் ரைபிள்கள் வழங்கப்பட்டன. பெர்டானின் களத் தலைமை குறித்து உடன் பணியாற்றியோர் சிலர் குறை கூறியதும் உண்டு. கெட்டிஸ்பர்க் போரில் பங்கெடுத்த இவர், 1864 சனவரியில் பதவி விலகினார்.

தோட்டாவும் வெடிமூட்டியும்

பெர்டான் தமது வெடிமூட்டி முறைக்கு 1866 மார்ச்சில் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியின் சுடும் ஊசி, பிரைமர் எனப்படும் வெடிமூட்டிக் கிண்ணத்தை அடிக்கும்போது, உள்ளிருக்கும் வெடிபொருள் ஒரு பட்டடையின் மீது நசுங்கித் தீப்பற்றுகிறது. பெர்டான் முறையில் அப்பட்டடை தோட்டாக் கூட்டின் அடியிலேயே சிறு மேடாக அமைந்துள்ளது. அதன் இருபுறமும் உள்ள சிறு துளைகள் வழியே தீ வெடிமருந்தை அடைகிறது.

அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்சர் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பட்டடை வெடிமூட்டியிலேயே இருக்கும். கூட்டில் நடுவே ஒரே துளை மட்டும் உண்டு. ஆங்கிலேயரின் முறை பின்னர் அமெரிக்காவில் வழக்காக, அமெரிக்கரின் முறை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நிலைத்தது.

பெர்டான் ரைபிள்

ரஷ்யா 1868 இலும் 1870 இலும் பெர்டானின் இரு வடிவமைப்புகளை ஏற்றுக்கொண்டது. முதல் வகை கோல்ட் நிறுவனத்தில் தயாரானது. இரண்டாம் வகை பின்னர் ரஷ்யத் தொழிற்சாலைகளிலும் செய்யப்பட்டது. இவற்றில் 10.75×58 மி.மீ. பித்தளைத் தோட்டா பயன்பட்டது. 1891 இல் மோசின் ரைபிள் இவற்றின் இடத்தைப் பிடித்தது.

மறைவும் வழக்கும்

பெர்டான் வாஷிங்டனில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இவரது காப்புரிமைக்குட்பட்ட பொறியமைப்பை அரசு தன் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்களில் பயன்படுத்தியதற்காக, பெர்டான் நிறுவனம் தொடுத்த வழக்கு நீண்ட காலம் நடந்தது. நிறுவனத்துக்குப் பணம் வழங்கும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1895 இல் உறுதி செய்தது. அப்போது பெர்டான் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்றைய பயன்பாடு

பெர்டான் முறை இன்றும் பல நாடுகளின் இராணுவத் தோட்டாக்களில் பயன்படுகிறது. எனினும் சுட்ட கூட்டை மீண்டும் பயன்படுத்துவோருக்கு இது தொல்லை தருவதாகும். பாக்சர் கூட்டில் நடுத் துளை வழியே ஒரு கம்பியைச் செலுத்திப் பழைய வெடிமூட்டியை எளிதில் தள்ளிவிடலாம். பெர்டான் கூட்டில் நடுவே பட்டடை இருப்பதால், கொக்கி போன்ற கருவியாலோ நீர் அழுத்தத்தாலோ தான் அகற்ற முடியும். பட்டடை சிதைந்தால் கூடு பயன்படாது.

மோசின் வந்தபின் பழைய தோட்டாக்களின் தேவை குறைந்ததால், பெர்டான் ரைபிள்களுக்கான கூடுகள் அரிதாகிவிட்டன. இத்தகைய வழக்கொழிந்த துப்பாக்கிகளைப் பேணுவோர், அடிப்பகுதி அளவு நெருங்கிய வேறு பித்தளைக் கூடுகளைத் தேடி எடுக்கின்றனர். கழுத்தைச் சூடாக்கி இளக்கி, அச்சில் அழுத்தி, நீளத்தை வெட்டி, தேவைப்படின் விளிம்பைக் கடைசல் எந்திரத்தில் கடைந்து பொருத்துகின்றனர். அடிப்பகுதி அழுத்தத்தைத் தாங்க வேண்டியதாதலால் அதனைச் சூடாக்குவதில்லை. இதற்குப் பெரும்பாலும் பாக்சர் முறைக் கூடுகளையே விரும்புவதால், பெர்டானின் துப்பாக்கி அவரது போட்டியாளரின் வெடிமூட்டியைக் கொண்டு சுடப்படுவதும் உண்டு.